இலையுதிர்காலமும் இல்லக் கைவினையும்: ஆங்கிலக் கிராமிய உழைப்பொன்று பொழுதுபோக்காய் மாறிய வரலாறு பற்றிச் சில குறிப்புக்கள்

குளிர்நாட்டு இலையுதிர்காலத்தைப் பற்றி நம்மிடம் வந்து சேர்ந்துள்ள சித்திரம் பெரிதும் இனிமையானது. வெளியே மரங்கள் செம்மையும் மஞ்சளுமாய் இலை உதிர்க்கின்றன. உள்ளே கணப்படுப்பின் முன்னமர்ந்து ஒருத்தி கம்பளி பின்னுகிறாள். அடுக்களைத் தட்டில் பிளம்ஸ் பழ ஜாம் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. கதவில் கோதுமை வைக்கோலாற் பின்னிய அலங்காரம் தொங்குகின்றது. ஓய்வு, மனநிறைவு, கைத்திறன் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடிய வாழ்வாக இது காட்டப்படுகின்றது.

இச்சித்திரம் பொய்யானது என்பது எமது வாதமன்று. கையால் ஒன்றைச் செய்து முடிப்பதில் மனிதன் காணும் மகிழ்ச்சி உண்மையானது. வரலாற்றில் மிகப் பழையதுங்கூட. ஆயின் இச்சித்திரத்திலுள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு காலத்தில் பொழுதுபோக்கின் விளைவாக இருக்கவில்லை என்பதையும், ஆறு மாதக் குளிரைக் கடந்து உயிர் வாழ்வதற்கான உழைப்பின் விளைவாகவே அது இருந்தது என்பதையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். அவ்வுழைப்பு எவ்வாறு பொழுதுபோக்காயிற்று? யாருக்குப் பொழுதுபோக்காயிற்று? யாருக்கு ஆகவில்லை? இவ்வினாக்களை இங்கிலாந்தின் கிராமிய வாழ்வை ஆதாரமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பருவத்தின் பெயரும் உற்பத்தி ஆண்டும்

இன்று ஆங்கிலத்தில் அறுவடையைக் குறிக்கும் சொல்லே பழைய ஆங்கிலத்தில் அப்பருவத்தின் பெயராகவும் விளங்கிற்று. பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின்னரே, இலத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் வந்த சொல் அவ்விடத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. இலை உதிர்தலைச் சுட்டும் மற்றொரு பெயர் அமெரிக்காவில் நிலைத்தது. உழைப்பைச் சுட்டிய பெயர் விலகி, காட்சியைச் சுட்டிய பெயர்கள் நிலைபெற்ற இம்மாற்றம் சிறியதொன்றாகத் தோன்றலாம். எனினும் நாம் ஆராயப்புகும் வரலாறு முழுவதற்கும் அதனை ஒரு குறியாகக் கொள்ளலாம்.

அப்பருவத்தின் இரு முனைகளும் உற்பத்தியோடும் உடைமை உறவுகளோடும் பிணைக்கப்பட்டிருந்தன. செப்டெம்பர் 29ஆந் திகதி வரும் மைக்கல்மஸ் திருநாள், ஆண்டின் நான்கு தவணை நாட்களுள் ஒன்றாகும். நிலவாடகை செலுத்துவதும், குத்தகை தொடங்குவதும் முடிவதும், பல பகுதிகளில் பண்ணையாட்களை ஓராண்டுக்கென அமர்த்துவதும் அந்நாளையொட்டியே நிகழ்ந்தன. நவம்பர் 11ஆந் திகதி வரும் மாட்டின்மஸ் திருநாள், குளிர்காலத்தில் தீனி கொடுத்துக் காக்க இயலாத கால்நடைகளைக் கொன்று உப்பிட்டுச் சேமிக்கும் காலமாகும். கி.பி. 725இல் காலக்கணிப்புப் பற்றி எழுதிய பீட் என்னும் துறவி, பழைய ஆங்கிலேயர் நவம்பர் மாதத்தை ‘குருதித் திங்கள்’ என வழங்கினரெனவும், வெட்டப்படவிருந்த விலங்குகளை அம்மாதத்தில் தம் தெய்வங்களுக்கு நேர்ந்தனரெனவும் கூறுகின்றார். வாடகையில் தொடங்கிக் குருதியில் முடிந்த பருவம் அது.

இவ்விரு நாட்களுக்கும் இடையிலேதான் வீட்டின் பெரும்பணிகள் நடந்தேறின. பன்றியிறைச்சி உப்பிடல், கொழுப்புருக்கல், மது வடித்தல், ஆப்பிளும் வெங்காயமும் சேமித்தல், கம்பளி நூற்றல், காலுறை பின்னல் முதலியன யாவும் காலக்கெடு விதிக்கப்பட்ட வேலைகள். தவறினால் மார்கழி, தை மாதங்களிற் பசியும் குளிருமே மிஞ்சும். இவற்றுட் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு என்பதும், அதற்குக் கூலி இருக்கவில்லை என்பதும் தனியே குறிப்பிடத்தக்கன.

2. ஒளி தந்த கோரை

இருள் நீளும் அப்பருவத்தில் ஒளி ஒரு பொருளாதாரப் பிரச்சினையாகும். தென் இங்கிலாந்தின் செல்போண் கிராமத்து மதகுருவும் இயற்கை ஆய்வாளருமான கில்பேட் வைற், 1775ஆம் ஆண்டு எழுதியதும் 1789இல் அவரது நூலில் வெளிவந்ததுமான கடிதமொன்றில், ஏழைகளின் கோரை விளக்கைப் பற்றி மிக நுணுக்கமாக விவரிக்கின்றார். ஈரநிலத்திற் கோடையில் வளரும் கோரையைப் பெண்களும் சிறுவரும் முதியோரும் வெட்டி நீரில் இடுவர். பின்பு அதன் தோலை உரிப்பர். உள்ளிருக்கும் சோற்றினைத் தாங்குவதற்கு ஒரேயொரு மெல்லிய நார் மாத்திரம் நுனி முதல் அடி வரை விடப்படும். இது பழக்கத்தால் மட்டுமே வாய்க்கும் கைத்திறன். உரித்தவற்றைச் சில இரவுகள் புல்லிற் பனிபட வைத்து, வெயிலில் உலர்த்தி, உருக்கிய கொழுப்பில் தோய்த்தெடுப்பர்.

வைற் இதனை எண்ணியும் நிறுத்தும் பார்த்தார். ஓர் இறாத்தல் உலர்ந்த கோரையில் 1,600க்கு மேற்பட்ட தண்டுகள் இருந்தன. அவற்றைத் தோய்க்க ஆறு இறாத்தல் கொழுப்பு வேண்டியிருந்தது. இரண்டடி நாலரை அங்குல நீளமான தண்டொன்று ஒரு மணித்தியாலத்துக்கு மூன்று நிமிடமே குறைவாக எரிந்தது. இக்கணக்கின்படி ஒரு பார்திங், அதாவது கால் பென்ஸ், செலவில் ஐந்தரை மணித்தியால வெளிச்சம் கிடைத்தது. மிக வறியவர்களோ அரைப் பென்ஸ் கொடுத்து மெழுகுவர்த்தியொன்றை வாங்கி, காற்றுப் புகும் குடிசையில் அதனை இரண்டே மணித்தியாலத்தில் எரித்து முடித்தனர். அதே காசுக்குப் பதினொரு மணித்தியால வெளிச்சத்தை அவர்கள் பெற்றிருக்கலாம் என்றும், ஏழைகள் சிக்கனம் அறியாதவர்கள் என்றும் அவர் முடிவு செய்கின்றார்.

கணக்கு சரியானது, முடிவு விவாதத்துக்குரியது. கோரை விளக்கு மலிவாயமைந்ததன் காரணம், அதன் கொழுப்பு வீட்டுப் பன்றியிறைச்சி அவித்த பானையிலிருந்து கிடைத்தமையே. பன்றி வளர்ப்பதற்குச் சிறிது நிலமோ, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பொதுநில உரிமையோ வேண்டும். பன்றி இல்லாத வீட்டில் ஆறு இறாத்தல் கொழுப்பை ஒரே தடவையில் வாங்கக் காசு இராது. அன்றன்றைய கூலியில் அன்றன்றைய மெழுகுவர்த்தியையே வாங்கலாம். சிக்கனமும் ஒரு முதலீட்டை வேண்டி நிற்கின்றது என்பதை அந்நல்ல ஆய்வாளர் காணத் தவறினார்.

இதே காலத்திற்றான் அம்முதலீட்டின் அடித்தளம் அகற்றப்பட்டுக்கொண்டிருந்தது. 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கு மேற்பட்ட சட்டங்களின் மூலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் ஐந்திலொரு பங்கு, வேலியடைப்புக்குட்பட்டது. இவற்றுட் பெரும்பாலானவை பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நிறைவேறியவை. அறுவடைக்குப் பின் வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்குவது ஏழைப் பெண்களதும் சிறுவரதும் பழைய வழக்காறாகும். சபொக் மாவட்டத்திலெழுந்த வழக்கொன்றில், 1788ஆம் ஆண்டு நீதிபதிகள் நால்வருள் மூவர், பொதுச்சட்டத்தின்படி அத்தகைய உரிமை எதுவும் இல்லையெனத் தீர்ப்பளித்தனர். நடைமுறையில் அவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பல ஊர்களில் தொடர்ந்ததெனினும், உரிமையாயிருந்தது அன்றுமுதல் நிலவுடைமையாளரின் தயவாயிற்று.

அரசும் வெறுமனே பார்த்திருக்கவில்லை. 1709ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மெழுகுவர்த்திக்கு வரி விதிக்கப்பட்டு, உரிமமின்றி வீட்டில் அதனைச் செய்வதும் தடுக்கப்பட்டது. இவ்வரி 1831 வரை நீடித்தது. சொந்தப் பாவனைக்குச் செய்யப்பட்ட கோரை விளக்கு மட்டும் விலக்குப் பெற்றது. 1821-22இல் வெளிவந்த ‘குடிசைப் பொருளாதாரம்’ என்னும் தமது நூலில் வில்லியம் கொபெற் கோரை விளக்கையும், வீட்டு மதுவையும், பன்றி வளர்ப்பையும் போற்றியதை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். கொபெற்றுக்கு இல்லக் கைவினை பொழுதுபோக்கன்று. வரிகாரனுக்கும் கடைக்காரனுக்கும் எதிரான தற்காப்பு. அவரது பார்வையில் கடந்தகாலம் பற்றிய ஏக்கம் மிகுதி. வீட்டுப் பெண்ணின் உழைப்பைக் கணக்கிலெடுக்காமலே அதனைப் பெருக்கச் சொன்னார் என்பதும் உண்மையே. எனினும் கைவினையின் பின்னால் நிலமும் வரியும் உள்ளன என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார்.

பன்றி இருந்த வீட்டிலும் பன்றி முழுமையாகச் சொந்தமாயிருக்கவில்லை. ஒக்ஸ்போட் மாவட்டத்தின் வடபுறத்துச் சிற்றூரொன்றின் 1880களின் வாழ்வை நினைவுகூர்ந்து புளோரா தொம்சன் 1939இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. தீனிக்கான மாவைக் கடனாகத் தந்த வணிகருக்குப் பன்றியின் பாதி, அது கொல்லப்படுவதற்கு முன்பே அடகாகியிருந்தது. நாம் கண்டு மகிழும் உப்பிட்ட இறைச்சித் துண்டத்தின் மறுபாதி அந்தக் கடன் கணக்கிலேயே இருந்தது.

3. ஒரே ஊசி, இரு கைகள்

பின்னலுக்கும் இதையொத்த வரலாறு உண்டு. யோர்க்ஷயர் மலைச்சரிவிலமைந்த டென்ற் போன்ற ஊர்களில் ஆண், பெண், சிறுவர் யாவரும் காலுறை பின்னினர். ஊசியைத் தாங்கும் மரத்துண்டொன்றை இடுப்புப் பட்டியிற் செருகிக்கொண்டு, நடக்கும்போதும் மாடு ஓட்டும்போதும் பின்னினர். நீண்ட இரவுகளில் விறகையும் விளக்கையும் மீதப்படுத்துவதற்காக அயலவர் ஒரு வீட்டிற் கூடியிருந்து பின்னும் வழக்கமும் நிலவிற்று. அங்கே கதையும் பாட்டும் இருந்தன, சிரிப்பும் இருந்தது. உழைப்பும் இன்பமும் முற்றாகப் பிரிந்திராத ஒரு நிலை அது. ஆயின் பின்னப்பட்டது பெரும்பாலும் வணிகனுக்குரிய காலுறை என்பதையும், அவன் கொடுத்த கூலி அற்பம் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஜேம்ஸ் ஹாகிறீவ்ஸ் தமது நூற்பியந்திரத்துக்கு 1770இலும், றிச்சட் ஆக்றைற் தமது நீர்விசை இயந்திரத்துக்கு 1769இலும் காப்புரிமை பெற்றனர். அடுத்துவந்த இரு தலைமுறைக்குள் கைநூற்பு வீட்டைவிட்டு அகன்றது. அதனோடு கிராமியப் பெண்ணின் கைக்கு வந்துகொண்டிருந்த சிறுவருமானமும் அகன்றது. எனினும் தொழிற்சாலை வீட்டு உழைப்பை முற்றாக அழித்துவிடவில்லை. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாந் தொகுதியில் கார்ல் மாக்ஸ், சரிகைப் பின்னலையும் வைக்கோற் பின்னலையும் எடுத்துக்காட்டி, புதிய வீட்டுத்தொழில் பழைய சுதந்திரக் கைவினையின் தொடர்ச்சியன்று என்றும், தொழிற்சாலையின் வெளிப்பிரிவாகவே அது மாறிவிட்டது என்றும் விளக்கினார். வெளிச்சமும் காற்றும் குன்றிய அறைகளில் இளஞ்சிறுவர்கூட அத்தொழில்களில் அமர்த்தப்பட்டிருந்தனர்.

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், மத்தியதர வர்க்க வீட்டு முன்னறையில் வேறொரு ஊசிவேலை பரவிற்று. பேர்லின் நகரத்திலிருந்து வந்த கட்டமிட்ட வண்ணக் கோலத்தாள்களைப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தையலாகப் பூவும் கிளியும் கம்பளியில் உருவாக்கப்பட்டன. கணவனின் வருமானத்தில் வாழும் பெண், உழைக்கத் தேவையற்றவள் என்பதைக் காட்டுவதற்கே கைவேலை செய்தாள் எனலாம். 1843இல் தோமஸ் ஹூட் எழுதிய சட்டை தைப்பவளின் பாடல் நாடெங்கும் அதிர்ச்சியை ஏற்படுத்தியபோது, இலண்டனின் கூலித் தையற்காரி பட்டினியில் இருந்தாள். ஊசி ஒன்றுதான்; ஒரு கையில் அது ஓய்வின் சின்னம், மறுகையிற் பசியின் கருவி. முன்பு குதிரைப் பொம்மையைக் குறித்த ஆங்கிலச் சொல்லொன்று பொழுதுபோக்கு என்னும் இன்றைய பொருளில் நிலைபெற்றதும் இந்நூற்றாண்டிலேயே என்பது தற்செயலன்று. வேலைநேரம் தனியாகவும் ஓய்வுநேரம் தனியாகவும் பிளவுபட்ட சமுதாயத்துக்கே அச்சொல் தேவைப்பட்டது.

4. மொறிஸும் அவரது முரண்பாடும்

இப்பிளவை ஒரு சமூகக் குற்றமாகக் கண்டவருள் முதன்மையானவர் வில்லியம் மொறிஸ் (1834 - 1896). உழைப்பில் மகிழ்ச்சியிழந்த தொழிலாளி மனிதத்தன்மையில் ஒரு பகுதியை இழக்கிறான் என்னும் கருத்தை அவர் ஜோன் றஸ்கினிடமிருந்து பெற்றார். அதனை எழுத்தளவில் விட்டுவிடாது, லீக் நகரச் சாயப்பட்டறையில் அவுரித் தொட்டியிலே தாமே கையிட்டுச் சாயமிடக் கற்றார். ஆயினும் அவரது நிறுவனம் செய்த கம்பளத்தையும் திரைச்சீலையையும் செல்வந்தரே வாங்க முடிந்தது. நேர்மையாகச் செய்த பொருள் விலை உயர்ந்தது. மலிந்த பொருள் மலிந்த உழைப்பினால் ஆனது. இம்முரண்பாட்டைக் கலையின் எல்லைக்குள் தீர்க்க இயலாதென உணர்ந்ததே அவரை 1883இல் சமவுடைமை இயக்கத்துள் இட்டுவந்தது.

அவர் வழிவந்த சி. ஆர். அஷ்பீ, 1888இல் கிழக்கிலண்டனில் நிறுவிய கைவினைஞர் சங்கத்தை 1902இல் சிப்பிங் கம்டன் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்த்தார். தொழிலாளரும் குடும்பத்தினருமாக ஏறத்தாழ 150 பேர் உடன் சென்றனர். சில ஆண்டுகளுக்குள் அது வீழ்ச்சியுற்றது. இயந்திரப் பொருளோடு விலையிற் போட்டியிட அதனால் இயலவில்லை.

இங்கேதான் இவ்வரலாறு எமது நாட்டோடு நேரடியாகத் தொடுகின்றது. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877 - 1947) 1903 முதல் இலங்கையிற் கனிப்பொருளாய்வுப் பணியில் ஈடுபட்டிருந்தபோது கண்டிப் பிரதேசக் கைவினைகளை ஆராய்ந்தார். இங்கிலாந்து திரும்பி, அஷ்பீ புதுக்கிக் கொடுத்த புரோட் கம்டன் இல்லத்தில், மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலை 1908இல் அச்சிட்டு முடித்தார். அந்நூலுக்கான ஒளிப்படங்களை எடுத்தவர் அவரது முதல் மனைவி எதெல். பின்னர் எதெல் மெயிறெற் என்ற பெயரில் இங்கிலாந்தின் கைநெசவு மறுமலர்ச்சிக்கு முன்னோடியாகி, 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி நூலெழுதியவரும் அவரே. கண்டியக் கைவினைஞரின் பட்டறைகளை நேரிற் கண்ட ஒருவர், ஆங்கில இல்லங்களின் ஓய்வுநேரத் தறிக்கு வழிகாட்டினார் என்பது கைவினை வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தியாகும். கண்டியக் கைவினையின் சிதைவுக்குக் குடியேற்ற ஆட்சியும் இறக்குமதிப் பொருளுமே காரணம் எனக் குமாரசுவாமி உணர்ந்திருந்தார். ஆயின் அக்கைவினைஞரைக் கட்டியிருந்த சாதி, இராசகாரியச் சேவை ஆகிய பிணைப்புக்களை அவர் மிகைபட இனிமையாக்கினார் என்ற குறையையும் நாம் சுட்டாதிருத்தல் இயலாது.

5. ஜாமும் சீனியும்

இலையுதிர்கால அடுக்களையின் அடையாளமாகிய ஜாம், மிகப் பழைய கிராமிய உணவெனக் கருதப்படுகின்றது. உண்மையில், ஏழை வீட்டில் அது மிக அண்மைக்காலத்தது. பழம் வேலியிற் காய்க்கலாம். சீனி வேலியில் விளைவதில்லை. சிட்னி மின்ற்ஸ் 1985இல் வெளியிட்ட சீனியின் வரலாறு தரும் கணக்கின்படி, ஆளொருவருக்கான சீனி நுகர்வு 1700இல் ஏறத்தாழ 4 இறாத்தலாயிருந்து 1800இல் 18 இறாத்தலாக உயர்ந்தது. இவ்வுயர்வு மேற்கிந்தியத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பால் வந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிமைமுறை நீக்கப்பட்டதன்பின் மொறிசியசுக்கும், 1838 முதல் பிரித்தானிய கயானாவுக்கும், 1860 முதல் நேற்றாலுக்கும் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர் பலர். 1874இல் பிரித்தானியாவில் சீனித்தீர்வை ஒழிக்கப்பட்டபோது, ஐரோப்பியப் பீற் சீனியும் சேர்ந்து விலை வீழ்ந்தது. அதன்பின்னரே தொழிற்சாலை ஜாமும் வீட்டு ஜாமும் உழைக்கும் மக்களின் உணவாயின. ஆங்கிலக் குடிசையின் மிகச் சொந்தமான போத்தலில் மூன்று கண்டங்களின் உழைப்பு அடைக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் உலகயுத்தம் இவ்வீட்டுப் பணியின் சமூகப் பெறுமதியை வெளிப்படுத்திற்று. 1940 சனவரியிற் சீனி பங்கீட்டுக்குள்ளாகி 1953 செப்டெம்பர் வரை அவ்வாறே இருந்தது. 1915 முதல் பிரித்தானியாவில் இயங்கிவந்த பெண்கள் நிறுவக இயக்கத்தினர், அரசு ஒதுக்கிய சீனியைக் கொண்டு, 1940க்கும் 1945க்கும் இடையில் 5,300 தொன்னுக்கு மேற்பட்ட பழத்தைப் பதப்படுத்தினர். அதுவரை ‘வீட்டு வேலை’ என்று மட்டுமே கணிக்கப்பட்டது, அப்போது தேசிய உற்பத்தி எனப்பட்டது. யுத்தம் முடிந்ததும் அப்பெயர் மீளப் பெறப்பட்டது. வேலை மட்டும் வீட்டிலேயே தங்கிற்று.

6. தேவை நீங்கியபின்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உயர்ந்த கூலி, மின்சாரம், குளிர்சாதனப் பெட்டி ஆகியன பருவத்தின் கட்டாயத்தைப் பெருமளவு தளர்த்தின. அப்போதுதான் பழைய பணிகள் விருப்பப் பணிகளாக மீண்டும் தோன்றின. வீட்டில் மது வடிப்பதற்கான உரிமக் கட்டாயம் 1963இல் நீக்கப்பட்டதும் அது பரந்த பொழுதுபோக்காயிற்று. கொபெற் உரிமையாகக் கோரியது, ஒன்றரை நூற்றாண்டின் பின் ஓய்வுநேர இன்பமாகக் கிடைத்தது. கடைசிக் கதிர்க்கட்டிலிருந்து பின்னப்பட்ட வைக்கோற் பாவையின் கதை இன்னும் தெளிவானது. அறுவடை இயந்திரமும் குறுந்தாட் கோதுமையும் வந்தபின், பின்னலுக்குரிய நீண்ட உட்குழல் வைக்கோல் வயலிற் கிடைப்பதில்லை. இன்று பாவை பின்னுவோருக்காகவே பழைய கோதுமையினங்கள் தனியே பயிரிடப்படுகின்றன. அறுவடையின் எச்சமாயிருந்தது கைவினையாயிருந்தது போய், கைவினைக்காக ஓர் அறுவடை வேண்டியதாயிற்று.

இம்மாற்றத்தை வீழ்ச்சியெனப் புலம்புவது சரியன்று. காலுறை பின்னாவிடின் பட்டினி என்ற நிலை நீங்கியமை மானிட முன்னேற்றமாகும். கட்டாயமற்ற உழைப்பிலேயே மனிதன் தன் படைப்பாற்றலைக் காண்கிறான் என்பது மொறிஸ் கண்ட உண்மை. ஆயின் அந்த ஓய்வு அனைவருக்கும் கிடைத்ததா என்பதே வினா. ஒருவரின் பொழுதுபோக்குக்கான நூலையும் துணியையும், குறைந்த கூலிக்கு வேறொரு நாட்டுப் பெண் தொழிற்சாலையில் உற்பத்தி செய்யும்வரை, வரலாறு முடிந்துவிட்டதாக நாம் கொள்ள முடியாது.

7. முடிவுரை

தேவை நீங்கினால் கைவினை பொழுதுபோக்காகும். தேவை திரும்பினால் பொழுதுபோக்கும் நினைவும் மீண்டும் கைவினையாகும். இதன் இரண்டாம் பகுதியை யாழ்ப்பாணத்தார்க்கு நூல்கள் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடையின்போது மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய் கிடைத்தற்கரியதாயிற்று. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சும் சிறிதளவு எண்ணெயும் இட்டு, மெல்லிய திரியில் எரித்த விளக்கின் முன்னிருந்து ஒரு தலைமுறை படித்தது. சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழக் களியால் துணி துவைக்கப்பட்டது. அவ்விளக்கு எத்தனை துளியில் எத்தனை மணித்தியாலம் எரிந்தது என்பதை, வைற் கோரையை அளந்ததுபோல, எம் வீடுகளில் தாய்மார் அளந்தே வைத்திருந்தனர். அதனை எழுதிவைத்தவர் மிகச் சிலரே.

இன்று பனாட்டும் ஒடியலும் பனையோலைப் பெட்டியும் பண்பாட்டுச் சின்னங்களாகக் கண்காட்சிகளில் இடம்பெறுகின்றன. அதனை நாம் வரவேற்கிறோம். ஆயின் ஆவணி, புரட்டாதியில் விழுந்த பனம்பழத்தை விடியுமுன் பொறுக்கியவர் யார், யாருடைய காணியிற் பொறுக்கினார், பிழிந்து பாயிற் பரவிக் காயவிட்டவரின் உழைப்புக்கு என்ன கிடைத்தது, ஓலை வார்ந்தவரை ஊர் எவ்விடத்தில் நிறுத்தி வைத்தது என்ற வினாக்களும் அக்கண்காட்சியோடு சேர்த்து எழுப்பப்படல் வேண்டும். இவற்றுக்கு விடை சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். கைவினையைக் காப்பது அதன் பொருளைக் காப்பது மட்டுமன்று. அதைச் செய்த கையின் கணக்கைக் காப்பதுமாகும்.